உப்பு மரவையின் இடம்

எங்கள் வீட்டுச் சமையலறையில் எந்தச் சாமானும் வைத்த இடத்தில்தான் இருக்கும். அம்மா போட்ட பழக்கம். அடுப்புக்கு வலப்பக்கம் உப்பு வைக்கும் மரக் கிண்ணம், அதை நாங்கள் மரவை என்போம். அதை அடுத்துப் புளி ஜாடி, அப்புறம் அஞ்சறைப்பெட்டி, கடைசியில் தண்ணீர்ப் பாத்திரம். என் தங்கை அம்புஜவல்லிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. அவளுக்காக அம்மா ஏற்படுத்திய ஒழுங்கு அது. வேறு எந்த வீட்டுக்குப் போனாலும் இதே வரிசையில் வைத்துக்கொள் என்று அவளிடம் சொல்லியிருந்தாள்.

நீங்கள் காபி சாப்பிடுங்கள், தானியேல் ஸார். எப்படி நடந்தது என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது உண்மை. பார்வையற்றோர் பள்ளியில் அவளுக்குப் பிரம்பு நாற்காலி பின்னக் கற்றுக்கொடுத்தீர்கள். கோல் ஊன்றி நடக்கப் பழக்கினீர்கள். அதோடு நின்றிருக்கலாம். வீரராகவப் பெருமாள் கோயில் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் போர்ஷன் பார்த்து, அங்கே அவளைக் குடிவைத்தீர்கள். தண்ணீர் எடுத்துவரவும் கடைத்தெருவுக்குக் கூட வரவும் அஞ்சம்மாளை ஏற்பாடு செய்தீர்கள். தனியாக இருப்பாள், ஆனால் தனித்து விடப்பட மாட்டாள் என்று என்னிடம் சொன்னீர்கள். எனக்கு அந்த இரண்டுக்கும் வித்தியாசம் அப்போது புரியவில்லை.

என் நிலைமையையும் நினைத்துப் பாருங்கள். கண் தெரியாத தங்கைக்காகக் கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்ட ஸம்பத்குமார் என்றால் இந்த ஊரில் மரியாதை. கோயில் மடைப்பள்ளியில் தளிகை செய்கிறவனைத் தெருவில் யார் நின்று விசாரிப்பார்கள்? என்னை விசாரித்தார்கள். உண்மையில் எனக்கு ஜாதகம் எதுவும் கூடிவரவில்லை. அதை வெளியே சொல்லவேண்டிய அவசியம் அவள் என்னோடு இருந்தவரை வரவில்லை.

அவள் போன பிறகு கோயிலில் எல்லோரும் ஒரே கேள்வி. "அம்புஜத்தைத் தனியா விட்டுட்டேளாமே?" என்னை வெட்கம் பிடுங்கித் தின்றது. அவளோ சந்தோஷமாக இருந்தாள். புதுவாயல் பக்கம் புதிதாக வந்த கம்பெனி ஆபீசிலிருந்து பின்னவேண்டிய நாற்காலிகள் வண்டியில் வந்து இறங்கின. பிரம்பை ஊறவைத்துக்கொண்டே பாசுரம் சொல்வாள். நான் போனால், "வா அண்ணா, மோர் சாப்பிடறியா?" என்று கேட்டு, தானே எடுத்துவந்து கொடுப்பாள். என் தங்கை எனக்கு மோர் கொடுத்தது வாழ்க்கையில் அப்போதுதான்.

முதல் தடவை நான் வேண்டுமென்று செய்யவில்லை. மோருக்கு உப்புப் போட்டுக்கொண்டு மரவையைப் புளி ஜாடிக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டேன். மறுநாள் போனபோது முகம் வாடியிருந்தது.

"அண்ணா, உப்பு மரவை இருந்த எடத்துல இல்லை. நான்தான் மாத்தி வெச்சுட்டேனோ? எனக்கு இப்படி ஆனதே இல்லையே."

சொல்லிக்கொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் குளத்துப் படியில் இறங்கும்போது பிடிப்பாளே, அந்தப் பிடி. நான்தான் வைத்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. கையை விடுவித்துக்கொள்ளவும் இல்லை.

அதற்குப் பிறகு வேண்டுமென்றே செய்தேன். ஒரு நாள் அஞ்சறைப்பெட்டி, ஒரு நாள் கதவருகே அவளுடைய கோல். எல்லாம் ஒரு சாண், இரண்டு சாண்தான். அவள் தடவித் தடவித் தேடுவதைக் கூடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். பார்க்கச் சங்கடமாக இருக்கும். போய் எடுத்துக் கொடுத்தால் அந்தச் சங்கடம் தீர்ந்துவிடும்.

அஞ்சம்மாளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவள் வாய் திறக்குமுன் பழியை அவள் மேலேயே போட்டுவிட்டேன். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சமையலறை மடி. வெளியார் உள்ளே வரக்கூடாது. குடித்தனம் வைத்த அன்றே அஞ்சம்மாளை நிலைப்படியோடு நிறுத்தியவன் நான். இப்போது நானே தங்கையிடம், "அவள் உள்ளே வந்துட்டுப் போறாள் போலிருக்கு, அம்புஜம். சாமான் எல்லாம் அதான் எடம் மாறறது" என்றேன்.

தண்ணீரோடு வந்த அஞ்சம்மாள் அதைக் கேட்டுவிட்டு, குடத்தை இறக்கிவைத்துவிட்டு நின்றாள்.

"இன்னா சாமி இப்டி சொல்ற? நான் இந்தப் படியத் தாண்டனதே இல்ல. தண்ணி கொண்டாந்து இங்கியே வெச்சிட்டுப் போய்க்கினு கீறேன். யம்மா, நீ சொல்லு. நான் உள்ள வந்தனா?"

அம்புஜம் தலையைக் குனிந்துகொண்டாள். இனி வரவேண்டாம் என்று அஞ்சம்மாளிடம் நான்தான் சொன்னேன். அவள் போகும்போது அழுதாள். அம்புஜமும் அழுதாள். தைரியமாக இரு, நான் இருக்கிறேன் என்று தேற்றினேன்.

தை அமாவாசை அன்று வேண்டுதலுக்காகக் குளத்தில் வெல்லம் கரைக்க ஊரே திரண்டிருந்தது. மடைப்பள்ளியில் வேலை முடிந்து பின்வாசல் வழியாக அவள் வீட்டுக்குப் போனேன். பெருமாளுக்கு அமுது படைக்க வடை தட்டிக்கொண்டிருந்தாள். வாழையிலை கிழிக்கக் கொல்லைப்பக்கம் போனாள். நான் வந்தது தெரியாது என்று நினைத்தேன். உள்ளே போய் அடுப்பிலிருந்த எண்ணெய் வாணலியை இறக்கி, தண்ணீர்ப் பாத்திரம் இருக்கும் இடத்தில் வைத்தேன். தண்ணீர்ப் பாத்திரத்தைக் கீழே தள்ளி வைத்தேன்.

வடை தட்டுகிறவர்கள் மாவை எடுக்குமுன் கையைத் தண்ணீரில் நனைப்பார்கள். அவளும் வந்ததும் அதைத்தான் செய்தாள். யோசிக்காமல், இரண்டு கையையும்.

வாணலியைக் காணோம் என்று தடுமாறி என்னைக் கூப்பிட்டனுப்புவாள் என்றுதான் நினைத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். எண்ணெய் ஆறியிருக்கும் என்று நினைத்ததாகவும் சொல்லிக்கொண்டேன். நான் மடைப்பள்ளியில் வளர்ந்தவன், ஸார். எண்ணெய் எப்போது ஆறும் என்று எனக்குத் தெரியாதா? அலறல் கேட்டு ஓடிவந்ததாக ஆஸ்பத்திரியில் சொன்னேன். அது பொய். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

விரல்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. இனிப் பிரம்பு பின்ன முடியாது. தொட்டால் எது என்னவென்று அவளுக்குத் தெரிவதில்லை. இப்போது என்னோடு இருக்கிறாள். நான்தான் ஊட்டிவிடுகிறேன். கோயிலில் மறுபடியும் எல்லோரும் நின்று விசாரிக்கிறார்கள். அவர்கள் புகழும்போது எனக்குக் கூசுகிறது. ஆனாலும் நின்று கேட்கிறேன்.

அஞ்சம்மாள் வாசலில் வந்து வந்து கேட்டாள். தூங்குகிறாள் என்று திருப்பி அனுப்பினேன். அவள்தான் உங்களைத் தேடிவந்து அழைத்திருக்கிறாள் என்று தெரியும்.

போன வாரம் சாதம் ஊட்டும்போது அம்புஜம் சொன்னாள்.

"அன்னிக்கு உள்ள வரச்சயே மடைப்பள்ளிப் புகை வாசனை வந்துது, அண்ணா. அண்ணா பக்கத்துல இருக்கான், பயமில்லைன்னு நினைச்சுண்டுதான் கையை நீட்டினேன்."

அவ்வளவுதான் சொன்னாள். அடுத்த வாய்க்கு வாயைத் திறந்தாள். எனக்கு அங்கேயே செத்துப்போகலாம் போல இருந்தது. ஊட்டி முடித்தேன்.

அவள் கூப்பிடுகிறாள், கேட்கிறதா? தண்ணீர்ச் செம்பு எங்கே என்று கேட்கிறாள். இருங்கள், கொடுத்துவிட்டு வருகிறேன். நேற்று ஜன்னலடியில் வைத்திருந்தேன், இன்றைக்கு அலமாரி ஓரம். தினமும் இடம் மாற்றித்தான் வைக்கிறேன், ஸார். ஒரே இடத்தில் வைத்தால் அவளே எப்படியாவது எடுத்துக் குடித்துவிடுவாள். அப்புறம் பாவம், அவளைக் கவனிக்க யார் இருக்கிறார்கள்?