மீனை விரட்டுற வாய்

இல்ல தம்பி, நான் மேல ரூமுக்குப் போகமாட்டேன். மசாஜும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். முப்பத்தஞ்சு வருஷம் மீன் கூடை சுமந்த முதுகு இது, எண்ணெய் தேச்சா அந்தப் பொண்ணு கைதான் வலிக்கும்.

எதுக்கு அனுப்பப் பாக்குறீங்கன்னு தெரியுது. நான் பேசுனா மீன் மிரளுது, அதானே? மூணு நாளா பல்லைக் கடிச்சுக்கிட்டு மரியாதையா சொல்றீங்க. மீன் புடிக்கக் கத்துக் குடுக்கத்தான் உங்களை இந்த ரிசார்ட்ல வேலைக்கு வெச்சிருக்காங்க, என் வாயைக் கட்டறதுக்கு இல்ல, பாவம். ஆனா நாங்க மீன் கடைக்காரங்க. பக்கத்துக் கடைக்காரியை விட ஒரு படி மேல கத்தினாத்தான் யாவாரம். அந்தத் தொண்டையைக் கழட்டி எங்க வைக்கச் சொல்றீங்க?

ஏங்க, இடது பக்கம் ஒரு பாறை இருக்கு பாருங்க. பாசி புடிச்சு பச்சைப் பசேல்னு இருக்கு, அழகு.

பாத்தீங்களா தம்பி, ஆத்துக்குள்ள நிக்கிற என் வீட்டுக்காரர் ஒண்ணும் கோச்சுக்கல. பாறையைச் சுத்திக்கிட்டுப் போறார்.

எனக்கு எதைப் பாத்தாலும் சொல்லிடணும். முதல் நாள் ரூமைத் தொறந்து காட்டுன பொண்ணுகூட உதட்டைக் கடிச்சுக்கிட்டு சிரிச்சுது. வாசல்ல மூணு படிங்க, மூணும் மரம், கட்டில் இடது கைப்பக்கம், கண்ணாடி தரை வரைக்கும் இருக்குங்க, கதவு மாதிரி தெரியும் ஆனா கதவில்லன்னு ஒவ்வொண்ணா வாயைப் பொளந்து சொல்லிக்கிட்டே வந்தேனா, இதுக்கு முன்ன வீடே பாக்காதவ போலன்னு நெனச்சிருக்கும். சாப்பாட்டு ஹால்ல மெனு அட்டையை முதல் வரியிலேருந்து சத்தமா படிச்சேன். பக்கத்து மேசைல இருந்த பெரிய மனுஷங்க கரண்டியைக் கீழ வெச்சிட்டுப் பாத்தாங்க. பாக்கட்டும், நமக்கென்ன போச்சு.

எங்க பொண்ணுதான் இந்த மூணு நாளும் ஏற்பாடு பண்ணா. அவ அப்பாவுக்கு ஒரே ஆசை. ஆயுசெல்லாம் மீன் வித்தவர், ஒரு மீனைக்கூட தன் கையால புடிச்சதில்ல. அதுலயும் மலைத் தண்ணில வளர்ற இந்த ட்ரவுட்டு மீனு. எப்பவாவது ஐஸ் பெட்டில வரும். மேல இருக்குற புள்ளியைத் தடவிக்கிட்டே, இது உசுரோட எப்படி இருந்திருக்கும்னு கேப்பார். நான் என்ன கண்டேன்?

புடிச்ச மீனைத் திரும்ப ஆத்துல விட்டுடணும்னு நீங்க சொன்னப்ப எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. மார்க்கெட்ல போய்ச் சொன்னா எங்களை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவாங்க. அவர் சிரிக்கல. விடறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் கையில வெச்சிருக்கலாமில்ல, அது போதும்னார். இன்னிக்குப் பன்னெண்டு மணிக்கு ஊருக்குப் போற வண்டி வந்துடும். அந்த ஒரு நிமிஷம் இன்னும் கிடைக்கல தம்பி.

ஆறு தடவை, எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். ஆறு தடவையும் மீன் வந்து அந்த இறகுல கட்டுன பொய்ப் பூச்சியை வாயில வெச்சுது. இவர் தூண்டிலைச் சுண்டறதுக்குள்ள துப்பிட்டுப் போயிடுச்சு. என்னது, தூங்கறாரா? அவரா? வெயில் கண்ணுல அடிக்குதுன்னு சொன்னாரே. சரி, இன்னிக்கு மேகமாத்தான் இருக்கு. நேத்து அடிச்ச வெயில்னு வெச்சுக்கங்க.

ஒண்ணு பண்ணுங்க. நேத்து சாயங்காலம் நீங்க தனியா நின்னு புடிச்சிட்டிருந்தீங்களே, தண்ணிக்குள்ள முங்கிப் போற பூச்சி. ஓட்டத்தோட கீழ போக விட்டுட்டு நூலை விரல்ல புடிச்சுக்கிட்டு எங்கயோ பாத்துட்டு நின்னீங்க, மீன் கடிச்சது விரலுக்கே தெரிஞ்சுது. அதை அவருக்குக் கட்டிக் குடுங்க. மீன் மேல வந்து வாயைத் தொறக்கறதைப் பாக்கறதுதான் அழகுங்கறீங்களா? இருக்கட்டும், அந்த அழகை அடுத்து வர்றவங்களுக்குக் காட்டுங்க. இவர் விரல் என்ன விரல்னு உங்களுக்குத் தெரியாது. தொட்டுப் பாத்து இது எத்தனை மணிக்குக் கரைக்கு வந்த மீனுன்னு சொல்ற விரல். போய்ட்டு வாங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாதீங்க.

ஏங்க, தம்பி வர்றார், உங்க வலது பக்கமா.

வந்துட்டீங்களா? என்ன சொன்னார்? நூலை விரல்ல சுத்திப் பாத்துட்டு சிரிச்சாரா? ம்.

இப்பவாவது வாயை மூடணுமா? தம்பி, நீங்க நல்ல புள்ளை, அதனால சொல்றேன். மார்க்கெட் தொண்டைன்னேனே, அது சும்மா. போன வருஷம் வரைக்கும் கடையில கத்துனது அவர்தான். நான் குனிஞ்ச தலை நிமிராம செதில் சீவிக்கிட்டிருப்பேன். ஊமைன்னே நெனச்ச வாடிக்கையெல்லாம் உண்டு.

அவருக்குக் கண்ணு தெரியல தம்பி. நடுவுல ஒண்ணும் தெரியாது, ஓரத்துல கொஞ்சம் வெளிச்சம். துவைக்க எடுத்த சட்டைல டாக்டர் சீட்டு இருந்துது. படிச்சிட்டு, மடிச்சபடியே மடிச்சு உள்ள வெச்சு, அந்தச் சட்டையைத் துவைக்காமலே மாட்டிட்டேன். அவரா சொல்லல. சொன்னா நான் ஒடஞ்சிடுவேன்னு பயம். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவர் ஒடஞ்சிடுவார்னு எனக்குப் பயம். ரெண்டு நாள் குழாயைத் தொறந்து விட்டுட்டு அழுதேன். மூணாம் நாள் காலைல கடைக்குப் போய், முதல் கூடைல மத்தி, ரெண்டாவதுல இறாலுன்னு வாயைத் தொறந்தேன். இன்னும் மூடல. இங்க என் குரல் எந்தப் பக்கம் கேக்குதோ, அந்தப் பக்கம்தான் அவருக்குக் கரை. அதான் மேல போகமாட்டேன்னேன்.

அட தம்பி, நீங்க ஏன் இப்ப அவரைப் பாத்துக் கத்தறீங்க? பின்னால பள்ளம் இருக்குன்னு நானே சொல்லியிருப்பேனே. மீன் மிரளாதா? சரி சரி, சொல்லுங்க. அந்தப் பாறை பச்சைன்னும் சொல்லுங்க.

தம்பி, தூண்டில் வளையுது. இல்ல இல்ல, அவருக்கு நாம சொல்ல வேண்டாம், அது அவருக்கே தெரியும். மூஞ்சியைப் பாருங்க, கல்யாணத்தன்னிக்குக்கூட இப்படி சிரிக்கல இந்த மனுஷன். ஓடுங்க, வலையை எடுத்துட்டு ஓடுங்க.

தம்பி, சும்மா போகாதீங்க. பேசிக்கிட்டே போங்க.