புங்கானே என்ற கடவுச்சொல்

மார்ச் 12, வியாழன்.

நேற்று மாலை வலைப் பாதுகாப்பு வகுப்பில் எனக்கு அரை மதிப்பெண் குறைந்தது. ஒரு வைஃபைப் பெட்டியில் யார் என்ன தட்டுகிறார்கள் என்ற பதிவைச் சுவரில் காட்டும்போது அது எந்த வீட்டுப் பெட்டி என்று தெரியக் கூடாது என்பது விதி. நான் வீட்டின் பெயர் தெரியும் மூலையில் காகிதம் ஒட்டாமல், கையால் மறைத்துக்கொண்டே பேசினேன். போனிஸ்வா டீச்சர், நீங்கள் குறைத்தது சரிதான். வேலைக் குறிப்பில் பிழையை முதலில் எழுத வேண்டும் என்று சொன்னதும் நீங்கள்தான். மற்றதை வரிசையாகச் சொல்கிறேன். வரிசை தவறினால் மன்னியுங்கள். எழுத்து எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

எங்கள் பள்ளத்தாக்குக்குக் கைபேசிக் கோபுரம் எட்டாது. கூரைக்குக் கூரை பெட்டி வைத்து நாங்களே கட்டிய வைஃபைதான் எல்லாம். கம்பியை ஆடு மென்றாலும், பெட்டியின் மேல் கோழி அடைகாத்தாலும், பாஸ்டர் ஜெபத்துக்கு நடுவே ரக்பி பார்த்து மொத்த வேகத்தையும் உறிஞ்சினாலும், ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது நான். குறை சொல்லவில்லை. எனக்கு ஏணி பிடிக்கும்.

மாரடேபே எங்கள் வலைச் சங்கத்தின் தலைவி. அவரிடம் ஒரு பிடி உப்பு வாங்கினாலும், "புங்கானே, ம்திம்குலு" என்று அவர் பிறந்த குலத்து முன்னோரை வரிசையாகச் சொல்லித்தான் யாரும் நன்றி சொல்வார்கள். அவர் வீட்டுப் பெட்டியின் கடவுச்சொல் புங்கானே. இதை மாற்றும்படி போன மாதக் கூட்டத்தில் கேட்டேன்.

"கல்யாண வீட்ல ஊரே கத்துற பேரும்மா இது. திருடனுக்கு நாமளே கதவத் திறந்து வச்ச மாதிரி."

"டேய் லுடுமோ, எங்க முன்னோர் பேரை வரிசையா சொல்லத் தெரிஞ்சவன் திருடன் இல்லடா, சொந்தக்காரன். உள்ள வரட்டும். டீ போட்டுத் தரேன்" என்றார் மாரடேபே. சிரித்துச் சிரித்து இருமல் வந்து, மூச்சு மருந்தை எடுத்து உறிஞ்சினார்.

"வைஃபைக்கு இம்புட்டுப் பூட்டு போடுறான். போன வருஷம் இவன் மாட்டைத்தான் எவனோ பட்டப்பகல்ல ஓட்டிட்டுப் போனான்!" என்றான் என்னோடு படிக்கும் ஆவிலே.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் சிரிப்பு மட்டும் கொஞ்சம் பிந்தி வந்தது.

மாரடேபேவின் வீடு சரிவின் மேலே, தனியாக இருக்கிறது. மகன் ருஸ்டன்பர்க் சுரங்கத்தில். திணறல் வந்தால் மருத்துவ நிலைய வண்டியைக் கூப்பிட, அவர் கைபேசியில் ஒரே தொடுதலில் வேலை செய்யும் பொத்தான் ஒன்றை வைத்துக் கொடுத்தவனும் நான்தான். வைஃபை இருந்தால்தான் அது வேலை செய்யும்.

நேற்று பிற்பகல், வகுப்பில் சோதனையாகக் காட்ட, அவர் பெட்டியின் கடவுச்சொல்லை மாற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிவிட்டுச் செய்வது சோதனை ஆகாது என்று உங்கள் பாடத்தாளிலேயே இருக்கிறது. தவறான சொல்லை யாராவது தட்டினால், அந்தச் சொல் என் திரையில் வந்து விழும்படி செய்தேன். இது பாடத்தாளில் இல்லை. நானே யோசித்தது.

வகுப்பில் என் முறை வந்தபோது வரிகள் விழத் தொடங்கின. புங்கானே. மறுபடி புங்கானே. ம்திம்குலு. மஷ்வபடா.

"மாட்டைக் கொம்போட முழுங்கின முன்னோரையே கூப்பிட்டுட்டான்! இனி பெட்டியையும் முழுங்கிடுவான்டா" என்றான் ஆவிலே. பெஞ்சுகள் அதிர்ந்தன.

அடுத்த வரி: லுடுமோ.

"ஏய், உன் பேரையும் போட்டுப் பாக்குறான். திருடனே உனக்கு ரசிகன்!"

கை தட்டினார்கள். இந்த வகுப்பில் எனக்காகக் கை தட்டியது அதுதான் முதல் தடவை. நீங்களும் தட்டினீர்கள் டீச்சர்.

அதன் பிறகும் இரண்டு வரிகள் வந்தன. அவற்றைச் சுவரில் காட்டவில்லை. பாடத்துக்கு முதல் ஐந்து போதும் என்று பட்டது. ஒன்று: லுடுமோ மகனே திற. மற்றொன்று: மூச். அதுவும் முழுதாக இல்லை, கடைசி எழுத்து விட்டுப்போயிருந்தது. கடவுச்சொல் கேட்கும் அந்தச் சின்னக் கட்டத்தைத் தவிர எனக்கு எழுத அவருக்கு வேறு இடம் இல்லை. அங்கே தட்டினால் எனக்குத் தெரியும் என்று எப்படிக் கண்டுபிடித்தார் என்று இன்னும் யோசிக்கிறேன். ஒருவேளை தெரியாமலும் இருக்கலாம். முன்னோர் பெயர்கள் முடிந்ததும் என் பெயருக்கு வந்திருக்கலாம்.

திறக்கும் பொத்தான் என் விரலுக்குக் கீழேதான் இருந்தது. அவசரம் என்று கெஞ்சுபவரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்று படித்திருக்கிறோம். அங்கேயே திறந்திருந்தால், யார் பெட்டி, ஏன் பூட்டினாய் என்று கேட்டிருப்பீர்கள்; கை தட்டியவர்கள் மறுபடி சிரித்திருப்பார்கள். வகுப்பு முடியட்டும் என்றிருந்தேன். முடிந்ததும் எண்ணெயில் பொரித்த மாவு உருண்டை, அமக்வின்யா, சுடச்சுட வந்தது. நான் இரண்டு தின்றேன். பிறகு பழைய சொல்லையே வைத்துப் பெட்டியைத் திறந்தேன். யாரும் நுழையவில்லை. பதிவு அமைதியாக இருந்தது. அமைதியான பதிவு நல்ல பதிவு என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

இன்று காலை பக்கத்துச் சரிவு நோபும்சிலே பால் கொண்டுபோனபோது, மாரடேபே வாசற்படியில் கைபேசியைப் பிடித்தபடி கிடந்தாராம். மருந்துக் குப்பி காலி. நெட்டு கெட்டுப்போயிருக்கும் என்று ஊர் பேசிக்கொள்கிறது. நெட்டு கெடவில்லை. அதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும். பராமரிப்பு என் பொறுப்பு.

யாரோ தட்டுகிறார்கள் என்று நினைத்தேன் என எழுதலாம். ஆனால் முதல் புங்கானே விழுந்தபோதே அது அவர் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் மூலையைக் கையால் மறைத்தேன். அரை மதிப்பெண் அதற்குத்தான் போயிற்று.

நாளைய வேலை: துக்கத்துக்கு வெளியூரிலிருந்து நிறையப் பேர் வருவார்கள், எல்லோருக்கும் இணைப்பு வேண்டும். கூடாரம் போடுவதற்கு முன்பே ஏணியோடு போய், மாரடேபே வீட்டுப் பெட்டிக்குப் புதுக் கடவுச்சொல் வைக்க வேண்டும். அடக்கத்தில் அவருடைய முன்னோர் பெயர்களை எல்லோரும் உரக்கச் சொல்வார்கள். புதுச் சொல் அவற்றில் ஒன்றாக இருக்கக் கூடாது.