தனியாப் போன நர்ஸ்

அழாதீங்க தம்பி. முதல்ல உக்காருங்க. அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க. மன்னிப்புக் கேக்கத்தான் விலாசம் விசாரிச்சு வந்தீங்கன்னா, அது எப்பவோ முடிஞ்ச விஷயம். நீங்க எங்க வார்டுல இருந்தப்ப நடந்தது. உடம்பு சரியில்லாத மனுஷன் செஞ்சதுக்குக் கோபப்பட்டா, மனநல வார்டுல நான் நர்ஸா இருந்து என்ன பிரயோஜனம்? உங்களை நான் ஒரு நாளும் திட்டினது இல்ல.

தோளா? இருக்கு. இதோ, இவ்வளவுதான் மேல போகும். தலை வாரிவிட என் பொண்ணு வரணும். ஊசி போடற வேலையெல்லாம் விட்டாச்சு. இப்ப கீழ ஸ்டோர்ல துணி, மருந்துன்னு எடுத்துக் கொடுத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். அதுக்கு முகத்த அப்படி வச்சுக்காதீங்க. நீங்க தேறி வேலைக்குப் போறீங்கன்னு கேள்விப்பட்டப்ப எனக்கு நிஜமாவே சந்தோஷம். அச்சகத்துலதானே? ம். நகத்துல மை தெரியுதே.

சரி, வேற ஏதோ சொல்ல வந்தீங்க. நாளைக்கா? எங்க ஆஸ்பத்திரிப் பயிற்சி வகுப்புலயா? அதுல உங்களைப் பேசக் கூப்பிட்டிருக்காங்களா?

கொஞ்சம் இருங்க, அடுப்ப அணைச்சுட்டு வந்துடறேன்.

இப்ப சொல்லுங்க. யாரு கூப்பிட்டது? பயிற்சி மேடமே நேர்ல வந்தாங்களா. வந்திருப்பாங்க. நல்லாப் பேசுவாங்க.

அந்த வகுப்பு என்னன்னு தெரியுமா உங்களுக்கு? படிச்சு முடிச்சு வேலைக்கு வந்துட்டா எங்களை அதோட விட்டுட மாட்டாங்க. வருஷா வருஷம் போய் மறுபடி மாணவி மாதிரி உக்காரணும். போனாதான் லைசென்ஸைப் புதுப்பிப்பாங்க. பாதிப் பேர் தூங்குவாங்க. ஏசி ரூம், மத்தியானச் சாப்பாடு, தூக்கம் வராம என்ன செய்யும்? எனக்கு மட்டும் அது பிடிக்கும், சிரிக்காதீங்க. அதுலயும் ஒரு பாடம் இருக்கு. ஒருத்தர் பதட்டத்துல இருக்கும்போது அவங்க கிட்ட எப்படிப் போறதுன்னு. நம்ம கை ரெண்டும் அவங்க கண்ணுக்குத் தெரியணும். ஓரமா நிக்கணும். சின்னச் சின்ன வார்த்தையாப் பேசணும். முக்கியமா, ரெண்டு பேராப் போகணும், ஒருத்தரை விட்டு ஒருத்தர் நகரக்கூடாது.

என் தங்கச்சியும் நர்ஸ்தான். அவளைப் படிக்க வச்சு அதே வார்டுல சேத்துவிட்டதே நான். அந்தப் பாடத்தை இந்தச் சமையலறையிலதான் ரெண்டு பேரும் பழகினோம். அவ நோயாளி, நான் நர்ஸ். கரண்டியத் தூக்கிக்கிட்டு அவ கத்துவா, நான் கைய விரிச்சுக்கிட்டு தேனாப் பேசுவேன். என் வீட்டுக்காரர் எட்டிப் பாத்து, இதுல யாருக்கு வைத்தியம் பாக்கணும்னு கேப்பாரு.

எதுக்கு இப்பத் தங்கச்சியப் பத்திப் பேசறேன்னு பாக்கறீங்களா? உங்களைக் கூப்பிட்ட மேடம் அவதான். சொல்லலையா? சொல்லியிருக்க மாட்டா.

என் கை போனதுக்கு அப்புறம்தான் அவளை அந்த வகுப்பு எடுக்கப் போட்டாங்க. வார்டுல இருந்தவ, கண்ணால பாத்தவ, அனுபவத்தோட சொல்லுவான்னு. அந்த வருஷம் நானும் போனேன், தோள்ல கட்டோட. எனக்கும் லைசென்ஸ் வேணுமே. திரையில படம் போட்டு அழகாச் சொல்லிக்கிட்டே வந்தா. எனக்கே பெருமையா இருந்துச்சு, நம்ம தங்கச்சி எப்படிப் பேசறா பாருன்னு. அப்புறம், உங்களுக்கு ஒரு உண்மைச் சம்பவம் சொல்றேன்னா. ஒரு மூத்த நர்ஸ். எனக்குத் தெரியாததான்னு ஒரு தைரியம். துணைக்கு ஆள் வர்றதுக்குள்ள தனியா உள்ள போயிட்டாங்க, பாவம், கையே போச்சுன்னு சொன்னா. பேரச் சொல்லல. கட்டோட நான் உக்காந்திருக்கேன், பேரு எதுக்கு? ஹால் மொத்தமும் திரும்பிப் பாத்துச்சு. பக்கத்துல இருந்த ஒரு பொண்ணு தன் தண்ணி பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வச்சா.

கேக்காம இருப்பேனா? கேட்டேன். என்னடி இதுன்னேன். பாடம்னா ஒரு தப்பக் காட்டணும்லக்கா, பேரா சொன்னேன்னா. அவ்வளவுதான் பதில். அப்புறம் வருஷா வருஷம் அதே கதை. வர வர அதுல நான் முட்டாளாகிக்கிட்டே போறேன். போன தடவை, உள்ள போய் உங்களை அதட்டினேன்னு வேற சேத்துக்கிட்டா.

இருங்க, நாளைக்கு என்ன பேசணும்னு உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்காளா? பரவால்ல, சொல்லுங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.

ஓ. அவங்க தனியா வந்ததாலதான் எனக்கு மிரட்சியாயிடுச்சு, ரெண்டு பேரா வந்திருந்தா அப்படி நடந்திருக்காதுன்னு நீங்க சொல்லணுமா. சரி. உங்களுக்கு அது ஞாபகம் இருக்கா? இல்லைல்ல. அன்னிக்கு இருந்த நிலைமைக்கும் அந்த மருந்துக்கும் எப்படி இருக்கும்? ஆஸ்பத்திரியில சொன்னத நம்பித்தான், தனியா வந்த பொம்பளைய அடிச்சுட்டோம்னு இத்தனை வருஷமா சுமந்துக்கிட்டுத் திரியறீங்க.

நான் யார்கிட்டயும் வாயத் திறந்ததில்ல தம்பி. என் வீட்டுக்காரருக்கே தெரியாது. ஆபரேஷன் முடிஞ்சு நான் கண்ணு முழிக்கறதுக்குள்ள விசாரணை முடிஞ்சு போச்சு, அவ சொன்னதுதான் நின்னுச்சு. கட்டிலோரமா நின்னு அழுதா. அக்கா, என் வேலை போயிடும்னா. சரி, பயந்துட்டா, பயம் யாருக்குத்தான் வராதுன்னு விட்டுட்டேன். பயந்ததுக்காக இன்னிக்கும் எனக்கு அவ மேல கோபம் இல்ல. ஆனா எனக்கு எதிரா உங்க வாயால வேற சொல்ல வைக்கப் பாக்கறாளே, அதுதான் தாங்கல.

நடந்தத நீங்க தெரிஞ்சுக்கணும். மத்தியானம், நோயாளிகளப் பாக்க வந்தவங்க எல்லாம் கெளம்பிட்டாங்க. உங்க அம்மா வரலைன்னு நீங்க சாப்பாட்டுத் தட்டைச் சுவத்துல அடிச்சுக்கிட்டிருந்தீங்க. நான் உள்ள வந்து கை ரெண்டையும் விரிச்சுக் காட்டி ஓரமா நின்னேன். வெளிய மழை, அதான் அம்மாவால வர முடியலன்னேன். தட்டைக் கீழ வச்சீங்க. கட்டில்ல உக்காந்தீங்க. ரொம்ப மழையான்னு கேட்டீங்க, கொழந்தை மாதிரி. ஆமா, இன்னும் விடலன்னேன். அவ்வளவுதான். எல்லாம் அடங்கிப் போச்சு. அந்தப் பாடத்தை அதவிட நல்லா யாரும் செஞ்சுட முடியாது. நான் அதட்டவும் இல்ல, நீங்க கை ஓங்கவும் இல்ல.

அப்பத்தான் பின்னாடி இரும்புக் கதவு சாத்தற சத்தம். வெளித் தாழ்ப்பாள் விழற சத்தம். அதக் கேட்டுத்தான் நீங்க துள்ளி எழுந்தீங்க. நீங்க என்னை அடிக்க வரல தம்பி. பூட்டிட்டாங்களேன்னு கதவுக்கு ஓடி வந்தீங்க. நானும் கதவுக்குத்தான் ஓடினேன். கதவுக்கும் உங்களுக்கும் நடுவுல என் தோள் மாட்டிக்கிச்சு. திறக்கச் சொல்லி நீங்க மோதிக்கிட்டே இருந்தீங்க.

நான் எதுக்கு ஓடினேன்னா, என் முதுகுக்குப் பின்னாடி நின்னவளக் காணோம். நாங்க ரெண்டு பேராத்தான் உள்ள வந்தோம். கதவுல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி இருக்கும், அதுக்கு அந்தப் பக்கம் அவ முகம். தொறடின்னேன். அக்கான்னு அவ வாய் அசைஞ்சுது. கை மட்டும் தாழ்ப்பாளை விட்டு வரவே இல்ல.

போங்க, நாளைக்குக் கட்டாயம் போங்க. நானும் வர்றேன், உங்க பக்கத்துல இன்னொரு நாற்காலி போடச் சொல்லுங்க. யாருக்குன்னு அவ கேட்டா, அன்னிக்கு என்கூட உள்ள இருந்தவங்களுக்குன்னு சொல்லுங்க.