மூன்றாக வெட்டிய அட்டவணை

கால அட்டவணையை நான் பென்சிலில்தான் போடுவேன். திருத்துவதற்கு வசதி.

பதினேழு வருடமாக இந்த மலைச்சரிவின் மூன்று கல்லூரிகளுக்கும் அட்டவணை என்னுடையதுதான். எந்தக் கல்லூரி மாணவரும் மற்ற இரண்டிலும் பாடம் படிக்கலாம். ஆசிரியர்களும் பொது. முழுத் தாளை நான் மட்டும் வைத்துக்கொண்டு, மூன்றாக வெட்டி, அந்தந்த முதல்வருக்கு அவருடைய துண்டை மட்டும் அனுப்புவேன். வீண் பேச்சு வராது.

மாப்பிள்ளை மூன்று கல்லூரிக்கும் தர்க்கம் நடத்தினார். பாடப்புத்தகம் என் அப்பா எழுதியது. கீழ்க் கல்லூரி வாசலில் அவர் படம் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள்.

போன வருடம் மேல் கல்லூரி நூலகப் பதிவேட்டில் மாப்பிள்ளையின் கையெழுத்தை நான்கு இடத்தில் பார்த்தேன். என்ன தேடுகிறார் என்று யோசித்தேன். ஒரு மதியம் சாப்பிடும்போது அவரே சொன்னார்.

"மாமா, ஒரு பழைய நோட்டு கிடைச்சுது. மேல் காலேஜ்ல இருந்த ஒரு வாத்தியார் எழுதினது. தாத்தா புத்தகம் வர்றதுக்கு ஒன்பது வருஷம் முந்தி. உதாரணம்கூட மாறல. புதுப் பதிப்புல அவர் பேரையும் போட்டுடலாமே?"

"பார்க்கலாம், மாப்பிள்ளை. முதல்ல சாப்பிடுங்க."

அதன்பிறகு அவர் யாரோடு சிரித்துப் பேசினாலும் எனக்கு நோட்டு ஞாபகம்தான். போனோடு எழுந்து வெளியே போனால் ஜன்னல் பக்கம் போய் நின்று கேட்பேன்.

அவருக்கு இதயத்தில் ஆபரேஷன் நடந்திருந்தது. படி ஏறக் கூடாது, ஒரே கல்லூரியில் வகுப்பு கொடுங்கள் என்று மருத்துவர் எழுதிய கடிதத்தை என்னிடம்தான் தந்தார். வாங்கி இழுப்பறையில் வைத்தேன். பிறகு உட்கார்ந்து அட்டவணை போட்டேன். முதல் வகுப்பு கீழே, இரண்டாவது மேலே, மூன்றாவது கீழே, நான்காவது மேலே, ஐந்தாவது நடுக் கல்லூரியில். இடையில் பத்து நிமிடம். இருநூற்றுப் பதினான்கு படி. கல்லூரி வேனை, வகுப்பு முடியும் மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பே கிளம்பும்படி மாற்றினேன். ஒவ்வொரு முதல்வர் கையிலும் ஒரு நாளைக்கு இரண்டு வகுப்புக்கு மேல் இல்லாத துண்டு. மூவரும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்கள்.

"என்ன மாமா, என்னை ஆடுன்னு நினைச்சுட்டீங்களா? ஏறி இறங்கியே மூச்சு வாங்குது" என்று சிரித்தார்.

"ஒரு பருவம்தானே, மாப்பிள்ளை. உங்களை விட்டா எனக்கு யாரு?"

பெரியவர் வார்த்தையைத் தட்டாத பிள்ளை. பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வகுப்புக்குக் கிளம்பினார்.

ஆறாவது வாரம், புதன்கிழமை, நான்காவது வகுப்புக்குப் போகும்போது படியிலேயே உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. மேலே மாணவர்கள் அரை மணி நேரம் காத்திருந்தார்களாம்.

நான்தான் முன்னின்று எல்லாக் காரியமும் செய்தேன். நோட்டை அவர் பையிலிருந்து எடுத்து எரித்தேன்.

என் மகள் மூன்று கல்லூரிக்கும் போய், மூன்று துண்டையும் வாங்கி, ஒட்டிக்கொண்டு வந்தாள். என் மேசையில் விரித்து வைத்தாள். "வேன் நேரத்தை எதுக்குப்பா மாத்தினீங்க?" என்று மட்டும் கேட்டாள். உங்களிடம் வந்ததும் அவள்தான். அதில் எனக்கு வருத்தமில்லை.

தெரிந்தேதான் செய்தேன். கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். காரணத்துக்கு மாமனார் மருமகன் மனஸ்தாபம் என்று போட்டால் போதும். அந்த நோட்டைப் பற்றிய வரியை மட்டும் அடித்துவிடுங்கள். எங்கள் குடும்பத்தில் திருடன் யாரும் இருந்ததில்லை.