வளர்த்துப் பார்த்த பிறகே பெயர்

மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் அருங்காட்சியக இயக்குநர் அவர்களே! துறைத் தோழர்களே! இடமில்லாமல் சுவரோரம் நிற்கும் நண்பர்களே! முன்வரிசையில் கண் துடைக்காமல் அமர்ந்திருக்கும் எங்கள் அக்கா அவர்களே! எல்லோரையும் கனத்த மனத்தோடு வணங்குகிறேன்.

பூச்சியியல் பிரிவின் காப்பாளர் மறைந்துவிட்டார் என்று அறிவிப்புப் பலகையில் எழுதியிருக்கிறார்கள். யார் அந்தக் காப்பாளர்? எங்களுக்கு அவர் விளக்கண்ணன்! எந்த ஊருக்குப் போனாலும் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி, அதன் முன்னே விளக்கை ஏற்றி, வருகிற அந்துப்பூச்சிகளை விருந்தாளிகளைப் போல வரவேற்ற எங்கள் விளக்கண்ணன்! சாப்பிட்டாயா என்று நம்மைக் கேட்க மறப்பார். புழுவுக்கு இலை போட்டாயா என்று கேட்க மறந்ததே இல்லை.

அவர் ஆயுள் முழுக்க ஆராய்ந்தது எந்தப் பூச்சியை? அரிய பூச்சியையா? இல்லை! உங்கள் வீட்டுக் குழல்விளக்கில் வந்து முட்டி, விளக்குமாற்றால் அடிபடுகிறதே, அந்தச் சாதாரணப் பழுப்பு அந்துப்பூச்சியை! அதன் புழு புல்லைத் தின்னும்; சருகுக்கு அடியில் கூட்டுப்புழுவாகக் கிடக்கும். மழைக்காலத்தில் அதன் இறக்கையில் கண்போன்ற புள்ளிகள் இருக்கும். கோடையில் பறக்கும் பூச்சிக்கோ புள்ளியே இல்லை. காய்ந்த இலை தோற்றுப்போகும்!

இளவயதில் அண்ணன் அந்தக் கோடைப் பூச்சியைத் தனி இனம் என்று நம்பினார். நம்பியதோடு விட்டாரா? புதிய இனம் என்று அறிவித்து, புதிதாக மணந்த மனைவியின் பெயரையே அதற்கு வைத்தார்! அந்த மனைவிதான் நம் அக்கா. அப்போது என்ன சொன்னார் தெரியுமா? “உலகத்துல அழகான பூச்சியே கெடைக்கலையா உங்களுக்கு? இந்த அழுக்குப் பழுப்புக்குத்தான் எம்பேரு பொருத்தமா இருந்துச்சாக்கும்!” வாய்தான் அப்படிச் சொன்னது. அவர் செவிலியராக இருந்த மருத்துவமனையில், அந்தப் பூச்சியின் படத்தைப் பார்க்காத நோயாளி ஒருவர்கூட இல்லை.

பல ஆண்டுகள் கழித்து, ஒரே தாய்ப்பூச்சி இட்ட முட்டைகளை அண்ணன் வீட்டிலேயே இரண்டாகப் பிரித்து வளர்த்தார். ஒரு பங்கு ஈரமான குளியலறை அலமாரியில். மறுபங்கு சமையலறையில் சூடான மூலையில். வெப்பத்தை அளந்து குறித்தது அக்கா. வெளியே வந்தவை எவை? குளியலறையில் புள்ளியுள்ள பூச்சி, சமையலறையில் புள்ளியில்லாத பூச்சி! ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்! தனி இனம் என்பதே பொய்யாகிவிட்டது.

எங்கள் துறையின் விதி கறாரானது. ஒரே இனத்துக்கு இரண்டு பெயர் இருந்தால் முதலில் வைத்ததுதான் நிற்கும். பின்னால் வைத்தது செல்லாது. மழைக்காலப் பூச்சிக்கு முன்பே ஒரு பெயர் இருந்ததால், அக்காவின் பெயர் போய்விடும். எங்கள் பிரிவில் பூச்சிப் படம் வரையும் ஓவியர் ஆற்றமாட்டாமல் சொன்னார்: “விட்டுடுங்கண்ணே. யாருக்குத் தெரியப்போவுது?”

அண்ணன் சீறினார்: “பூச்சிக்குத் தெரியும்டா!”

சீறிவிட்டாரே தவிர, வீட்டில் வாய் திறக்க முடியவில்லை. தட்டில் வைத்த சோறு ஆறிப்போனது. கடைசியில் அக்காவே கேட்டார்: “என்னங்க, மூஞ்சி ஏன் இப்படிச் செத்துக் கெடக்கு?”

“உம்பேரு செல்லாதும்மா. நாந்தான் தப்பு பண்ணிட்டேன்.”

“அளந்து குறிச்ச எனக்குத் தெரியாதா? எம்பேரு எங்கிட்டதானே இருக்கு, எங்கயும் ஓடிப்போகாது. எழுதி அனுப்பிட்டு வந்து சாப்பிடுங்க.”

எழுதினார்! தாம் ஆசையோடு வைத்த பெயரைத் தம் கையாலேயே நீக்கினார்! நம்மில் எத்தனை பேருக்கு அந்த மனம் வரும்? அன்று அவர் அழுததை நான் பார்த்தேன். இன்று அதற்கும் சேர்த்து நான் அழுகிறேன்.

தோழர்களே, சற்று முன் இயக்குநர் அவர்கள், சென்ற மாதம் நமக்குக் கிடைத்த புதிய அந்துப்பூச்சிக்கு அண்ணன் பெயரையே சூட்டுவதாக அறிவித்தார். அரங்கமே கை தட்டியது. நானும் கை வலிக்கத் தட்டினேன். அக்கா மட்டும் தட்டவில்லை. நான் மேடையேறும்போது என் கையைப் பிடித்து நிறுத்தினார். “ஏன் தம்பி, அத வளத்துப் பாத்தீங்களா?” என்று கேட்டார்.

இல்லை அக்கா. வளர்த்துப் பார்க்கவில்லை.

இயக்குநர் அவர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். அந்தப் பூச்சியின் முட்டைகளை ஈரத்திலும் வளர்ப்போம், சூட்டிலும் வளர்ப்போம். நாள்தோறும் இலை போடுவது என் பொறுப்பு; அளந்து குறிக்க அக்கா வருவதாகச் சொல்லியிருக்கிறார். தனி இனம் என்று உறுதியானால் அன்று பெயர் வைப்போம். இல்லையென்றால் வைக்கமாட்டோம். இது இந்த அவையில் நான் கொடுக்கும் வாக்கு.

விளக்கண்ணே! உங்க பேர வைக்கக் கொஞ்ச நாளாகும்ணே. அவசரப்பட்டு வச்சாத்தான் நீங்க கோவிச்சுக்குவீங்க.