சத்தமில்லாமல் குதிக்கும் பிள்ளை

ஸ்கூடாயிலிருந்து ஜொகூர் பாரு போகும் பேருந்தில் எனக்கு முன்னால் இரண்டு ஆசிரியைகள். கழுத்தில் விசில் தொங்கியவர் திடீரென்று, "முதலாம் ஆண்டுல ஒருத்தி பூனை மாதிரி குதிக்கிறா லா" என்றார். நான் கைப்பேசியை மூடிவிட்டேன்.

"நல்லதுதானே?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"முட்டிய மடக்கி மெதுவா இறங்குங்கன்னு மத்த பிள்ளைங்ககிட்ட தொண்டை கிழிய கத்துறேன். இவ சொல்லாமலே செய்றா. யாரு சொல்லிக் கொடுத்தான்னு கேட்டேன். அம்மாவாம். ஃபிளாட்ல கீழ்வீட்டு அங்கிளுக்கு சிங்கப்பூர்ல நைட் ஷிப்ட், பகல்லதான் தூங்குவாராம்."

"ஐயோ, அலமாக்!"

"எனக்கே பாவமா போச்சு. இது திடல்மா, நல்லா சத்தமா குதின்னேன். குனிஞ்சு புல்லையே பார்த்துக்கிட்டு நின்னா. அப்புறம் மெதுவா கேட்டா, 'இங்க கீழ யாரு டீச்சர் இருக்காங்க?'"