உரும்பிராய்ப் பள்ளியின் இரண்டாம் படலை

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் விதானையார் செல்வரட்ணம் அவர்களே, பிள்ளைகளுக்கு எழுத்தும் எனக்கு வெளிச்சமும் தந்த தலைமை ஆசிரியை குணலட்சுமி அம்மா அவர்களே, தோட்ட வேலையை விட்டு வந்திருக்கும் பெரியோர்களே, பெண் பிள்ளைகளைப் படிக்க அனுப்பத் துணிந்த தாய்மார்களே, முன்பாயில் அமர்ந்திருக்கும் செல்வங்களே, உங்கள் எல்லோரையும் இந்தப் பாடசாலையின் காவற்காரன் ஏரம்பு கைகூப்பி வணங்குகிறேன்.

இந்தத் தாளில் இருப்பது என் கையெழுத்து. பதினொரு நாள் எழுதினேன். மெதுவாகத்தான் வாசிப்பேன். தம்பிராசா, வெயில் ஏற முன்னம் முடியுமோ என்று கேட்கிறாய். முடியும், இரு.

பெரியோர்களே, என் வேலியைப் போல ஒரு வேலி இந்த ஊரில் இருந்ததா? மாசியில் அடைத்தேன். தென்னோலைக் கிடுகின்மேல் கிடுகு, அதன்மேல் பனங்கருக்கு மட்டை, ஆள் உயரத்துக்கு மேலும் ஒரு முழம். வீதியில் போகிறவன் கண் உள்ளே நுழையாது. உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே படலை, அதன் வாசலில் நான். வேலியைப் பார்த்துத் தாய்மார் நிம்மதியாக இருந்தீர்கள். வேலியைப் பார்த்து நான் மீசையைத் தடவினேன்.

அந்த வேலியில் ஒரு பொட்டு. குனிந்து நுழையும் அளவு ஓட்டை. பக்கத்து வளவுக் கனகாம்பிகை ஆட்டுக்குக் குழை ஒடிக்க வரும் வழி அது. நான் அடைப்பேன், அவள் பிரிப்பாள்.

“உது பள்ளிக்கூடம், பிள்ளை. உன்ரை ஆட்டுக்கொட்டில் இல்லை.”

“அடையுங்கோ அண்ணை, அடையுங்கோ. வேலி கட்டினது பிள்ளையளுக்கோ, உங்கடை பேருக்கோ?”

சிரிக்கிறீர்கள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன ஆனியில் ஒரு காலை அந்தப் பொட்டை மூன்று கட்டுப் போட்டு இறுக்கினேன்.

அன்று மத்தியானம் சோளகக் காற்று. படலையோரக் கொட்டிலில் பிள்ளைகளின் கஞ்சி அடுப்பில் கொதித்தது. ஒரு பொறி கூரையில் ஏறியது. கூரையிலிருந்து படலைக்கு, படலையிலிருந்து என் வேலிக்கு. உள்ளே நாற்பத்திரண்டு பிள்ளைகள். எங்கே ஓடுவது? எப்படி ஓடுவது? பொட்டும் அடைபட்டுக் கிடக்கிறது என்று நினைத்து, கிட்ட நின்ற வேலியை நானே இழுத்தேன். என் கட்டு எனக்கே அவிழவில்லை.

அப்போது புகைக்குள் ஒரு குரல்.

“இஞ்சாலை வாங்கோ பிள்ளையள், குனிஞ்சு வாங்கோ.”

நான் இறுக்கிய மூன்று கட்டையும் கனகாம்பிகை காலையிலேயே கத்தியால் அறுத்திருந்தாள். அந்தப் பொட்டால் பிள்ளைகள் போனார்கள். ஆசிரியை அம்மா போனார். கடைசியாக நானும் போனேன், தலை குனிந்து.

அவள் வளவில் ஆசிரியை அம்மா பிள்ளைகளின் பெயர் எழுதிய இடாப்பை என்னிடம் நீட்டினார்.

“கண்ணாடி விழுந்திட்டுது, அண்ணை. பேரை வாசியுங்கோ. ஆர் இல்லையெண்டு பாப்பம்.”

நாற்பத்திரண்டு உயிரின் பெயர் என் கையில் இருந்தது. ஓர் எழுத்தும் எனக்கு வாசிக்கத் தெரியாது. ஐந்தாம் வகுப்புப் பாலேஸ்வரி அதை மெல்ல வாங்கி வாசித்தாள். நாற்பத்தொரு பேர் பதில் சொன்னார்கள். பராசக்தி என்ற பெயருக்குப் பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். ஆட்டுக்கொட்டிலுக்குள்ளிருந்து, குட்டியைக் கட்டிப்பிடித்தபடி, “ஓம்” என்றது ஒரு சின்னக் குரல்.

அந்த “ஓம்” கேட்ட மறுநாள் நான் சிலேட்டு வாங்கினேன். இன்று காலை இடாப்பை நானே வாசித்தேன், தாய்மார்களே. ஒரு பெயரிலும் பிழை விடவில்லை. காவற்காரன் என்ற பெயருக்கு அறுபத்து நாலு வயதில்தான் நான் தகுதியானேன்.

இன்று அந்தப் பொட்டு இருந்த இடத்தில் இரண்டாம் படலை நிற்கிறது. ஆனால் மேசையில் ஒரு பூட்டும் இருக்கிறது. பூட்டினால்தான் மனம் ஆறும் என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். அந்த மனம் எனக்குத் தெரியும். என் வேலியைக் கட்டியது அந்த மனம்தான். யாருடைய மனம் ஆற வேண்டும், ஐயா? வெளியே நிற்கும் நமக்கா? உள்ளே இருக்கும் பிள்ளைக்கு வழி வேண்டாமா? காவலுக்கு நான் இருப்பேன். பூட்டு வேண்டாம். கொளுக்கி உள்பக்கம் இருக்கட்டும். பராசக்தியை நிறுத்தி, அவள் கை எட்டும் உயரத்தில்தான் அதை அடித்திருக்கிறேன்.

தலைவர் அவர்களே, பூட்டை உங்கள் வீட்டுப் பெட்டகத்துக்குக் கொண்டு போங்கள். பொறுமையாகக் கேட்ட சபைக்கும், என் கட்டை அறுத்த கனகாம்பிகைக்கும் நன்றி சொல்லி, உங்கள் எல்லோரையும் மீண்டும் வணங்குகிறேன்.

பராசக்தி, எழும்பி வா மோனை. படலையைத் திற.